அறுபத்திரண்டு வரை

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஏன் மேடம்’. அது அவளுக்குத் தெரியாது என்று மூன்றாம் மாடி முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. லிப்ட் கதவு மூடுவதற்குள் காதில் விழாத பேச்சு எந்த ஆபீசில் உண்டு? பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியும். இதைவிட மோசமான பெயருக்கெல்லாம் வாய்ப்பு இருந்தது, இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குளியலறைச் சாமான் கடை. லிப்டுக்குப் போக வேண்டுமானால் குழாய் இணைக்காத பன்னிரண்டு வாஷ்பேசின்களைத் தாண்டிப் போக வேண்டும். மூன்றாம் மாடியில் பரிசோதனைக் கூடம். எலக்ட்ரானிக் பூட்டு, கார்டு தேய்க்கும் கருவி, மருத்துவக் கருவி என்று ரகசியத்தைக் காக்க வேண்டிய எதைச் செய்தாலும், செய்தவர்கள் இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். கூடத்து ஆட்கள் அதை உடைக்கப் பார்ப்பார்கள். உடையாவிட்டால் சீல். மற்றவர்களிடம் நுண்ணோக்கியும் சாலிடரிங் கம்பியும் இருந்தன. அவளிடம் இருந்தது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டப்பா நிறைய பென்சில்.

அவள் பார்ப்பது எண்களை. இன்றைக்கு இரண்டு கருவிகள் தங்களுக்குள் ரகசியம் பேச வேண்டுமென்றால் பெரும்பாலும் நீள்வட்ட வளைவரை, ஆபீஸ் பேச்சில் கர்வ், என்ற ஒன்றின்மேல் நின்றுதான் பேசுகின்றன. நீள்வட்டத்துக்கு அது ரொம்பத் தூரத்துச் சொந்தம். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. உண்மையில் அது ஒரு சமன்பாடு. அதில் அடங்கும் புள்ளிகள் எண்ணி மாளாது. ஒரு புள்ளியில் தொடங்கி இத்தனை தடவை தாவு என்றால் கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் தாவி நிற்கும். நின்ற இடத்தை மட்டும் காட்டி, எத்தனை தடவை தாவினேன் சொல் என்றால், உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஆகாது. அந்த ‘எத்தனை தடவை’தான் சாவி.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சமன்பாட்டுக்குள் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட எழுபத்தெட்டு இலக்கம். அதை மாற்றினால் வளைவு மாறிவிடும். சில வளைவுகள் ஓட்டை. அந்த ஓட்டைகள் ஊருக்கே தெரிந்தவை, சோதித்துப் பார்த்து ஒதுக்கிவிடலாம். ஊருக்குத் தெரியாத ஓர் ஓட்டை யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்? அவர் கோடி எண்களைப் போட்டுப் பார்த்து, அந்த ஓட்டை விழுகிற எண்ணாகப் பொறுக்கி, இந்தாருங்கள் நல்ல வளைவு என்று நீட்டலாம். வாங்குகிறவர் கண்ணுக்கு அதுவும் மற்ற எண்களைப் போலத்தான் தெரியும். அதனால் எண் நல்லதா என்று கேட்டால் மட்டும் போதாது, ஏன் இந்த எண் என்றும் கேட்க வேண்டும். அவள் கேட்டாள். சம்பளமே அதற்குத்தான்.

கூடத்துப் படிவத்தில் ‘எண் வந்த வழி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதக்கூடிய பதில் இரண்டே இரண்டு. ஒன்று, விதி: இன்னின்ன நிபந்தனைக்குள் வருவதிலேயே மிகச் சிறிய எண், அவ்வளவுதான். அந்த விதியை வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்தாலும் அதே எண்தான் வரும். தேர்ந்தெடுத்தவர் கைக்கு அதில் வேலையே இல்லை. இன்னொன்று, குலுக்கல்: பகடையோ சீட்டோ, குலுக்கியவரும் எழுதியவரும் அன்றைக்கே கையெழுத்துப் போட்ட மூலத்தாள் வேண்டும், இருவரும் இன்றைக்கும் ஆமாம் என்று எழுதித் தர வேண்டும். மற்றதற்கெல்லாம் அவள் எழுதுவது இரண்டு வார்த்தை: விளக்கம் இல்லை.

ஒருமுறை, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மூன்று மாடியும் படியேறி நேரிலேயே வந்துவிட்டார். அன்றைக்கு லிப்ட் ரிப்பேர். அவர் தேர்ந்தெடுத்த வளைவை அவள் தள்ளியிருந்தாள்.

“நானே உக்காந்து எடுத்த நம்பர் மேடம்” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “யாரையும் ஏமாத்தணும்னு எனக்கென்ன வந்தது? என்மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்கு சார். அதை எழுதறதுக்குத்தான் இங்க கட்டம் இல்ல.”

அன்றைக்கு வீட்டில் அதைச் சிரிப்பாகச் சொன்னாள். அவள் கணவர் பல் செட் செய்கிறவர். ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், சிரிக்கவில்லை. “பாவம் அந்த மனுஷன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அரத்தை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. அவளிடமும் ஒரு வளைவு இருந்தது.

இருபத்தொன்பது வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, ஐந்தே ஐந்து பேர் இருந்த ஒரு பூட்டுக் கம்பெனியில். நமக்கென்று சொந்தமாக ஒரு வளைவு வேண்டும், நீ எடு என்று முதலாளி சொல்லிவிட்டார். தாறுமாறான ஓர் எண் வேண்டும். கம்ப்யூட்டரைக் கேட்டால் கொடுக்கும்தான். ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவன் யார், அவன் மனசில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போதே யோசனை. மெஷினை நம்ப மாட்டேன் என்று பிடிவாதமாக, பாம்பும் ஏணியும் பெட்டியில் கிடந்த பகடையைத் தேடி எடுத்தாள். கல்யாணம் ஆகாத தங்கை அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடது கால் முழுக்க மாவுக்கட்டு. படுத்த படுக்கையாகச் சலித்துப்போய்க் கிடந்தவளுக்கு ஒரு வேலை ஆகட்டும் என்று ஸ்டீல் டம்ளரையும் பகடையையும் கொடுத்தாள். கட்டிலில் இருந்தபடி தங்கை குலுக்கிப் போட்டுச் சொல்ல, அடுத்த அறையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா எழுதினாள். நூறு தடவை. தாளின் அடியில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நூறு எண்களையும் சேர்த்து மிக்சியில் போட்டு அரைப்பது போல ஒரு கணக்கில் அரைத்தாள். வந்ததை வைத்து வளைவைச் சோதித்தாள். தேறவில்லையென்றால் ஒன்றைக் கூட்டி மறுபடி அரைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது முயற்சியில் வளைவு தேறியது.

கம்பெனிப் பட்டியலில் அது பதினேழாவது வரி. அதனால் பெயரே பதினேழு ஆகிவிட்டது. எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. அப்புறம் கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கியது, அதை வேறொன்று விழுங்கியது. பதினேழு மட்டும் செரிக்காமல் கைமாறிக்கொண்டே போனது. கிடங்குக் கதவுகளில், ஆஸ்பத்திரி மருந்து அலமாரிகளில், எங்கெங்கோ. ஏதாவது ஓர் அறிக்கையில் அது கண்ணில் பட்டால், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கும். பக்கத்து மேஜைக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வது என்று இருந்தாள். சொல்லாமல் வைத்திருப்பதிலும் ஒரு கர்வம் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இருபத்தைந்து வருடம் கழித்து அது அவள் மேஜைக்கே வந்தது.

கொண்டுவந்தவர், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி செய்யும் கம்பெனியின் பொறியாளர். மெலிந்த ஆள். மாதிரிக் கருவி ஒன்றைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிவார். பேச்சுக்கு நடுவே அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். தீப்பெட்டியைவிடச் சின்னது. டாக்டர் வெளியிலிருந்து அதோடு கம்பியில்லாமல் பேசுவார். வேறு யாரும் அதோடு பேசிவிடக் கூடாது.

“நெஞ்சுக்குள்ள வெச்சா பன்னெண்டு வருஷம் மேடம்” என்றார். “உள்ள போயிட்டா அப்புறம் கர்வை மாத்தறதெல்லாம் நடக்காது. நாலு கர்வ் கொண்டு வந்திருக்கேன். எது நல்லதுன்னு நீங்கதான் எழுதித் தரணும்.”

நாலில் முதலாவது அன்று மத்தியானமே செத்தது. புள்ளிகளின் எண்ணிக்கை சின்னச் சின்ன எண்களாகப் பிரிந்துவிட்டது, பூட்டைப் பல துண்டாக உடைத்துவிடலாம். இரண்டாவது ஒரு பெரிய குழு வெளியிட்டது, கனமான அட்டை போட்டு வந்தது, அட்டைக்குள் எண் வந்த வழி மட்டும் இல்லை. மூன்றாவது விதிப்படி எடுத்தது, மிகச் சிறிய எண், அப்பழுக்கில்லாதது. நாலாவது பதினேழு.

“எங்க பழைய மாடல் பதினேழுலதான் ஓடுது” என்றார் பொறியாளர். “அதையே வெச்சுக்கிட்டா எங்களுக்கு நிம்மதி. மூணாவதுன்னா எல்லாத்தையும் திரும்ப எழுதணும். நாலு மாசம் முழுசா போயிடும்.”

கூடத்தின் தலைவருக்குப் பெயர் சீல் சார். சீலை டிராயரில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றால் மாட்டிக்கொள்வார், அவ்வளவு பத்திரம். வம்பு வழக்கில்லாமல் வேலை முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அறிக்கையைப் புரட்டியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தப் பதினேழு யாரோடதும்மா? பேரே காணோம். ஆளைப் பிடிச்சா கேட்டுடலாம்.”

அவள் கையிலிருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தாள். பிறகு, “என்னோடது சார்” என்றாள்.

“எது?”

“பதினேழு. நான் எடுத்தது. பகடை போட்டு.”

சீல் சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தன வருஷமா இங்க இருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லலியே?”

“நீங்க கேக்கலியே சார்.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப வேலை முடிஞ்சுது. உங்க பொருளை நீங்களே சோதிச்சுக் கையெழுத்துப் போட முடியாது, அதை நான் பாத்துக்கறேன். பேப்பரை மட்டும் கொண்டு வாங்க. தங்கச்சிகிட்ட ஒரு உறுதிமொழி. ‘உருவாக்கியவர் பெயர்’ங்கற கட்டத்துல உங்க பேரு வந்துடும். நாம பாஸ் பண்ணின கர்வ்களோட பட்டியல் அச்சாகும்போது அதுலயும் வரும்.”

கடைசியாகச் சொன்னது அவள் காதிலேயே நின்றுவிட்டது. இந்தப் பெண்மணி ஆசை இல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசைப்படுவதற்கு ஒன்றும் கண்முன் வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வாஷ்பேசின்களைத் தாண்டிப் போகும்போது அவற்றுக்குமேல் மாட்டியிருந்த பன்னிரண்டு கண்ணாடியிலும் அவள் முகம் தெரிந்தது. பன்னிரண்டிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

தாள் கிடைக்க ஆறு நாள் ஆனது. இரண்டு வீடு மாறியாயிற்று. கடைசியில் கணவர்தான் கண்டெடுத்தார், பழைய பல் அச்சுகள் போட்டிருந்த மரப்பெட்டிக்குள், ஒரு கோப்பில். “யாரோ ஒருத்தரோட மேல்தாடைக்கு அடியில இருந்துச்சு” என்று சொல்லிக் கொடுத்தார். மடிப்பில் பழுத்திருந்தது. அவளுடைய இளவயதுக் கையெழுத்து. பத்துப் பத்தாகப் பத்து வரி. அடியில் இரண்டு கையெழுத்து, தங்கையுடையது வால் நீண்டு தாளுக்கு வெளியே போகப் பார்த்தது.

சனிக்கிழமை காலை, சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நூறு எண்களையும் தட்டினாள். அன்றைக்கு ஒரு பகல் பிடித்த வேலை இன்றைக்கு டீ ஆறுவதற்குள் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவது முயற்சியில் பதினேழு வந்தது. எழுபத்தெட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்றார்.

அதோடு எழுந்திருந்தால் பிழைத்தாள். கையில் பென்சில் இருந்தது, பழக்கம் விடவில்லை. வேறு யார் கொண்டுவந்த தாளாக இருந்தாலும் என்ன செய்வாளோ அதையே செய்தாள். அடுத்தடுத்து ஒரே எண் விழுந்த இடங்களுக்கு அடியில் கோடு போட்டாள். 4, 4. பிறகு 6, 6, 6. பகடைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது, அதனால் ஆறுக்கு ஒருமுறை விழுந்ததே விழும். மனிதர்கள் அப்படியில்லை. மனசிலிருந்து எண் சொல்லச் சொன்னால் சொன்னதையே திரும்பச் சொல்ல நாக்குக் கூசும்.

முதல் ஆறு வரியில் பதினொரு கோடு விழுந்தது. ஏழாவது வரியின் முதல் இரண்டு எண்களுக்கு அடியில் இன்னொரு கோடு போட்ட பென்சில் அதற்குமேல் தாளைத் தொடவில்லை. 3, 5, 1, 6, 2, 4, 1, 5. முப்பத்தெட்டு எண்கள், ஒன்றுகூடத் தன்னைத் தானே தொடரவில்லை. உண்மையான பகடையில் அப்படி நடக்கலாம். ஆயிரத்தில் ஒரு தடவை நடக்கலாம்.

டீயில் ஆடை படிந்திருந்தது. அவள் குடிக்கவில்லை.

தங்கை இப்போது கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறாள். ஞாயிறு மத்தியானம், பழகுநர் மைதானத்தின் ஓரத்தில், கூரைமேல் சிவப்புப் பலகை வைத்த காருக்குள் அவளைப் பிடித்தாள். ஓட்டுநர் இருக்கையில் அக்கா, பக்கத்தில் தங்கை. தங்கையின் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக்.

“அதான் பேப்பர் கிடைச்சிடுச்சே, அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?” தங்கை உறுதிமொழிப் படிவத்தை வாங்கி, படித்தும் பார்க்காமல், டாஷ்போர்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வால் இன்னும் நீளமாகியிருந்தது. “இந்தா. உம் பேரு அச்சுல வரட்டும். எனக்கும் ஒரு காப்பி குடு, ஆபீஸ்ல மாட்டி வெக்கறேன்.”

“ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. நூறு தடவையும் போட்டியா?”

“எதை?”

“பகடையை.”

தங்கை யோசித்தாள். மைதானத்தில் ஒரு கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. பிறகு தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, எனக்கு அப்ப கட்டுக்குள்ள உயிர் போற அரிப்பு. ஒரு கையில ஸ்கேல விட்டுச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு கையிலதான் டம்ளர். பாதிக்கு மேல கொட்டி, குனிஞ்சு பாத்து, திரும்பப் பொறுக்கிப் போட்டு… யாரால முடியும்? வாய்க்கு வந்தத சொன்னேன்.”

“டம்ளர் சத்தம் கேட்டுச்சேடி.”

“குலுக்கினேனே. கொட்டல, அவ்வளவுதான்.”

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கோபம் வந்தது. இருபத்தைந்து வருடம் பழைய கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதினவன் யாரோ எவனோ என்று சந்தேகப்பட்டவள், அடுத்த அறையில் படுத்திருந்தவளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவள் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை.

“இப்ப என்னக்கா? அது கெட்டுப்போச்சா?” தங்கையின் குரல் இறங்கியிருந்தது.

“இல்ல. கர்வ் நல்லாத்தான் இருக்கு. அரைக்கற கணக்குல எத போட்டாலும் அரைச்சிடும். நீ சொன்னாலும் ஒண்ணுதான், பகடை சொன்னாலும் ஒண்ணுதான்.”

“அப்ப விடு. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. கையெழுத்துப் போட்டாச்சு.”

“முன்னப் பின்ன தெரியாதவங்க பக்கத்துல தினமும் உக்காந்து போறியே, பயமா இல்லையா உனக்கு?”

“எதுக்குப் பயம்? எல்லாரையும் நம்பறேன். எம் பக்கமும் ஒரு பிரேக் இருக்கில்ல.”

சொல்லிவிட்டுத் தங்கை வெளியே பார்த்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது போலிருந்தது. தங்கை கையெழுத்துப் போட்ட படிவத்தை அக்கா மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அது பையில் இருந்தது. எல்லாம் சரியாக இருந்த படிவம். சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே கிடந்தது. கணவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும் என்றார். உதவாத பதில் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. யாராவது ஒருவர், கொடுத்துவிடு, ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. தன்னைப் பற்றி அது அவளுக்கே நிச்சயமில்லை. கையில் பேனாவைக் கொடுத்து யாரும் ஏமாற்றச் சொல்லவில்லை; வளைவு உறுதியானது, யார் நெஞ்சிலும் அதனால் ஓர் ஆபத்தும் இல்லை, நாலு மாத வேலை மிச்சம். கணக்கெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தது.

படியேறி வந்த அந்தப் பொறியாளர்தான் இரண்டு நாளும் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கும் அவளுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாமலேயே அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. எழுதிக்கொடுக்கும்போது ஏதோ ஒரு விதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். விதி எதைக் காப்பாற்றுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது, தன் வீட்டுக் கட்டிலில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சீல் சார் அறையில் மூன்று பேர். மேஜைமேல் பழுத்த தாளை விரித்தாள். பொறியாளர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு கையெழுத்தும் இருக்கே” என்றார் சீல் சார். “உறுதிமொழி?”

“அதுவும் இருக்கு சார்.” பையிலிருந்து எடுத்தாள். தாளின் பக்கத்தில் வைத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. “இதுல பென்சில் கோடு போட்டிருக்கேன் பாருங்க. அறுபத்திரண்டு வரைக்கும் பகடை. அதுக்கப்புறம் முப்பத்தெட்டும் என் தங்கச்சி வாய்க்கு வந்தது. கேட்டேன், ஒத்துக்கிட்டா.”

கீழ்க்கடையில் எதையோ இறக்கும் சத்தம் கேட்டது.

“அதனால கர்வ் வீக்கா மேடம்?” என்றார் பொறியாளர்.

“துளிகூட இல்ல. எல்லா டெஸ்ட்டும் பாஸ்.”

“அப்புறம் என்ன மேடம்? பேப்பர எடுத்து இந்த மாதிரி எண்ணிப் பாக்கப்போறது யாரு?”

“நான் பாத்துட்டேனே.”

சீல் சார் தாளைத் தன் பக்கம் இழுத்து, கோடுகளை எண்ணினார். அவருக்கும் கணக்குத் தெரியும், அதுதான் அவர் துரதிர்ஷ்டம். “இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா” என்றார். கடிந்துகொள்வது போலவும் இருந்தது, வேறெதுவோ போலவும் இருந்தது.

“பகடைன்னு எழுதச் சொல்லுது படிவம் சார். பகடை இல்ல. அவ்வளவுதான் விஷயம். வேற யாராவது இதைக் கொண்டு வந்து, நான் நல்லவன் நம்புங்கன்னு சொல்லியிருந்தா, கட்டம் இல்லன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியிருக்கேன்.”

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். நாலு மாசம் என்று முணுமுணுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த கருவியை எடுத்து மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூணாவதையே எழுதுங்க மேடம். எங்கப்பாவுக்கும் இதுல ஒண்ணுதான் வெக்கப் போறோம்” என்றார்.

அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். கழுவுவதற்கு முன்னால் அழுதாள். தப்புச் செய்துவிட்ட அழுகை இல்லை, சரியாகச் செய்துவிட்ட நிம்மதியும் இல்லை. வாழ்நாளில் தான் செய்தது என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்று, அதைத் தன் கையாலேயே தள்ள வேண்டியிருந்தது, அது வலித்தது. அந்த வலிக்குச் சமாதானம் ஒன்றும் தேடாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

தன் மேஜையில் முதலில் மூன்றாவது வளைவின் படிவத்தை முடித்தாள். எண் வந்த வழி: விதி. அந்த விதியைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்; அதே எண் வந்தது. பொறியாளரும் தன் ஆபீசில் ஓட்டிப் பார்ப்பார், அவருக்கும் அதுவே வரும். அதில் யாருடைய தங்கையும் இல்லை.

பிறகு பதினேழின் படிவத்தை எடுத்தாள். தள்ளப்பட்ட வளைவுக்கும் எல்லாக் கட்டமும் நிரப்பி, தள்ளியதாகச் சீல் வைக்க வேண்டும் என்பது கூடத்து வழக்கம். தள்ளிய தாள் அச்சுக்குப் போகாது, இரும்பு அலமாரிக்குப் போகும். ‘எண் வந்த வழி’ என்ற இடத்தில், பகடை, அறுபத்திரண்டு வரை; அதன்பின் விளக்கம் இல்லை என்று எழுதினாள். முடிவு என்ற இடத்தில், சீல் சார் சொன்னபடி, ஏற்பதற்கில்லை. சீல் சார் தன் டிராயரைத் திறந்து சீலை எடுத்துக்கொண்டு வந்தார். மை தொட்டவர், தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“ஒரு கட்டம் காலியா இருக்கேம்மா.”

‘உருவாக்கியவர் பெயர்’. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். தன் பெயரை இனிஷியலோடு, நிதானமாக, கட்டம் நிறைய எழுதினாள். பதினேழுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. மை காயும்வரை காத்திருந்து, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.